கோலாலம்பூருக்கு ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு: டிக்கெட் எடுக்குமுன் சில விஷயங்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்குள்ள தமிழ்ச் சபைகளுக்கு ஊழியத்துக்கு வருகிறவர்களின் விசா கோப்பு, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் சபை அலுவலகத்தில் யாராவது ஒருவர் தலையில்தான் விழும். எங்கள் சபையில் அது என் தலை. வருகிறவர்கள் பெரும்பாலும் பிரசங்கக் குறிப்புகளோடு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பிரசங்கம் செய்ய இங்கே ஆள் உண்டு. அடுக்குமாடி வீடுகளுக்குப் படி ஏறவும், அரசாங்க அலுவலகத்தில் எண் வாங்கிக் காத்திருக்கவும், சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரவும்தான் ஆள் போதவில்லை. அதற்குத் தயாராக வந்தால் மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

அழைப்புக் கடிதம் முதலில், டிக்கெட் பிறகு

உங்களை அழைக்கும் சபை எழுத்தில் அழைக்க வேண்டும். மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க மறைமாவட்டம், சுயாதீன சபை எதுவானாலும் சரி, அது மலேசியாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். குடிநுழைவுத் துறையில் விண்ணப்பம் போடுவது அந்தச் சபைதான், நீங்கள் அல்ல. சமயப் பணிக்கு வருகிறவர்களுக்குப் பொருந்துவது புரொஃபஷனல் விசிட் பாஸ். ஒரு முறைக்கு 12 மாதத்துக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். இறையியல் கல்லூரிச் சான்றிதழ், அபிஷேகச் சான்றிதழ், அனுப்பும் சபையின் கடிதம் எல்லாவற்றையும் நல்ல தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்து, ஓரத்தில் மேசை விரிப்பு தெரிகிற படங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அவை உதவாது. கடவுச்சீட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் பழக்கத்தால் இங்கேதான் முதல் தாமதம் வரும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2026 இறுதிவரை விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம். அந்த 30 நாளில் வந்து இறங்கி, இரண்டு கூட்டத்தில் பேசிவிட்டு, பாஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். சுற்றுலாவுக்கு வந்தவர் பிரசங்க பீடத்தில் நின்றால் மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, அழைத்த சபையும்தான். அடுத்த முறை அந்தச் சபை வேறொருவரை அழைக்கும்போது கோப்பு மெதுவாக நகரும்.

பாஸ் கிடைத்தபின் எந்தச் சபையின் பெயரில் கிடைத்ததோ அங்கேதான் வேலை. வேறு சபையில் பேச அழைப்பு வந்தால் உங்கள் சபைப் போதகரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற இணையதளம் என்றால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது

இதை வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சமயச் சுதந்திரம் தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயக் கருத்துகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ சட்டம் இயற்றலாம் என்கிறது. சிலாங்கூரில் அப்படியொரு சட்டம் 1988 முதல் இருக்கிறது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், ஆனால் ரயிலில் நாலு நிலையம் போனால் சிலாங்கூர். பெட்டாலிங் ஜெயா, கிள்ளான், ஷா ஆலம் எல்லாம் அங்கேதான். மாநில எல்லை எங்கே என்று பார்த்துக்கொண்டு ஊழியம் செய்ய முடியாது. ஆகையால் எங்கள் சபையின் விதி சுருக்கமானது: முஸ்லிம்களிடம் சமயம் பேசுவதில்லை, துண்டுப் பிரதி கொடுப்பதில்லை, ஜெபிக்கக் கேட்டால் கூட மூத்த போதகரிடம் சொல்லாமல் எதுவும் செய்வதில்லை. மலாய் மொழி வேதாகமத்தையோ கைப்பிரதியையோ ஊரிலிருந்து அச்சடித்துக் கொண்டுவராதீர்கள். மலாயில் கடவுளைக் குறிக்க எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பதே பல ஆண்டு நீதிமன்றம் வரை போன விவகாரம்.

இங்குள்ள பெரியவர்கள் இதில் அதிகமாகப் பயப்படுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி போதகர் ரேமண்ட் கோ பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருந்த காரோடு மறிக்கப்பட்டுக் கடத்தப்பட்டார். 2019-இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், போலீஸ் சிறப்புப் பிரிவினரே அதற்குப் பொறுப்பு என்ற முடிவுக்கு வந்தது. அந்தச் செய்தியை வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான் உங்கள் சபை மூப்பர்கள்.

இந்துக்களிடம் சட்டத் தடை இல்லை. அதனாலேயே நாக்கில் கவனம் வேண்டும். மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். 2020 கணக்கெடுப்பில் நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அதிலும் பெரும்பங்கு போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களில். ஒரே வீட்டில் அண்ணன் பத்துமலைக்குக் காவடி எடுப்பார், தம்பி சபையில் கிட்டார் வாசிப்பார். தைப்பூச நாளில் அந்தத் தம்பி அண்ணனுக்குத் துணையாக நடந்து போவதைப் பார்த்து மேடையில் கண்டிக்கிற உபதேசியாரை நாங்கள் மறுபடி அழைப்பதில்லை. இது என் சொந்த அபிப்பிராயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது

மெல்லிய பருத்தி உடைகள், குடை, நல்ல செருப்பு. கோட் ஒன்று போதும், அதுவும் குளிரூட்டிய அரங்குகளுக்காக. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுவாருங்கள். மசாலாப் பொடி, ஊறுகாய் எல்லாம் இங்கேயே கிடைக்கும், எடையை வீணாக்க வேண்டாம். டெங்கி இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. ஆகவே காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் எண்ணெய் பூசி ஜெபித்த கையோடு கிளினிக்குக்கும் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் வாரம்

முதல் வாரத்தில் பிரசங்கம் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடங்கள். பிரிக்பீல்ட்சிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் ரயில்வேக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் குடியேறிய பகுதி. 1924-இல் எழுந்த லூத்தரன் சீயோன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் சபை, பாத்திமா மாதா ஆலயம், கந்தசுவாமி கோயில், புத்த மகா விகாரை எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் இருக்கின்றன. தமிழ்க் கத்தோலிக்கர் என்றால் நகரின் புடு பகுதியில் 1910-இல் கட்டிய புனித அந்தோணியார் ஆலயத்துக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். நீங்கள் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே இங்கே தமிழில் ஆராதனை நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், இருண்ட தேசத்துக்கு ஒளி கொண்டுவந்தேன் என்று ஊருக்கு எழுதத் தோன்றாது.

நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. எல்ஆர்டி, கொமுட்டர் ரயில், மோனோரயில் மூன்றும் அங்கிருந்து கிடைக்கும். செந்தூல், பத்துமலை, கிள்ளான் போக கொமுட்டர் போதும். பயணக் கட்டணம் கட்ட டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்ற பாஸ் பற்றி யாராவது சொல்வார்கள். அது குடிமக்களுக்கு மட்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வாழையிலைச் சாப்பாடும் தோசையும் எங்கும் உண்டு. மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் உணவகம், இரவு முழுக்கத் திறந்திருக்கும். இளைஞர்கள் உங்களிடம் மனம் திறப்பது அங்கேதான், தே தாரிக் என்ற ஆற்றிய பால்தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது, இரவு பதினொரு மணிக்கு. சீக்கிரம் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அதைத் தள்ளிவையுங்கள்.

ஞாயிறு ஆராதனை

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் வேதாகமத்தைத் தடையின்றி வாசிப்பார்கள். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ் காதில் புரியும், கண்ணில் படாது. அதனால் திரையில் பாடல் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஓடும். சிரிக்காதீர்கள். அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் பின் வரிசை காலியாகிவிடும். பிரசங்கத்தில் தூய தமிழ் கொஞ்சம் குறையட்டும், பேச்சு வேகமும் குறையட்டும். தமிழ்நாட்டு அரசியல், சினிமா நகைச்சுவை இங்கே அரைவாசிதான் எடுபடும். முப்பது நிமிடத்தில் முடித்தால் எல்லோரும் நன்றி சொல்வார்கள், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

ஒன்று முக்கியம்: தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபா, சரவாக்கில் மட்டும்தான். மூன்று மணி நேர ஆராதனைக்கு வருகிறவர்கள் வருடாந்தர விடுப்பில் ஒரு நாளைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வராதவர்களைப் பற்றி ஞாயிறன்று பீடத்தில் குத்திப் பேசாதீர்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கு அந்த விடுப்பு கிடைத்திருக்காது.

வீடு சந்திக்கப் போகும்போது

ஒரு காலத்தில் சபை மக்கள் தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். தோட்டங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின் குடும்பங்கள் நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. இன்றைக்கு ஊழியம் என்றால் பெரும்பாலும் அந்தப் பிளாட்டுகள்தான். மின்தூக்கி வேலை செய்தால் அதிர்ஷ்டம்.

தனியாகப் போகாதீர்கள், சபையில் ஒரு அக்காவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். முன்கூட்டி வாட்சப்பில் கேளுங்கள். செருப்பை வெளியே விட்டு உள்ளே நுழைந்ததும் "பசியாறிட்டீங்களா பாஸ்டர்?" என்பார்கள். உட்கார்ந்து ஒரு மைலோவாவது குடியுங்கள். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடலாம், இந்துக் குடும்பத்துத் தாத்தாவை ஐயா என்றால் அவர் முகம் மலரும். பத்து நிமிடம் போகட்டும். உடனே வேதாகமத்தைத் திறந்தால் உண்மையான விஷயம் வெளியே வராது. வெளியே வருவது என்னவென்றால், கணவனின் குடி, மகனின் சகவாசம், வாடகை பாக்கி, அப்புறம் வட்டிக்காரன்.

வட்டிக்காரனை இங்கே ஆலோங் என்பார்கள். விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் கைபேசி எண்கள் அவர்களுடையவை. கடன் கட்டாத வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள், குடும்பத்தைப் போலீசில் புகார் கொடுக்க மூப்பர்களோடு அழைத்துப் போங்கள். ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், ஆலோங்கிடம் சமாதானம் பேசப் போகாதீர்கள், உங்கள் கைபேசி எண்ணையும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். பண உதவியை சபை நிதி வழியாக, ரசீதோடு செய்யுங்கள். உங்கள் கையிலிருந்து ரகசியமாகக் கொடுத்தால் அடுத்த மாதம் அதே மாடியில் ஐந்து கதவு உங்களுக்காகத் திறந்திருக்கும்.

பத்திரம் இல்லாத பிள்ளைகள்

புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் எதிர்பாராத வேலை. என்னைக் கேட்டால் இதுதான் மிகவும் தேவையான வேலையும்கூட.

ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் பகலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். பல நேரம் அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கும். உள்ளே பிரசவ கிளினிக் கொடுத்த புத்தகம், தடுப்பூசி அட்டை, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு மருத்துவமனைத் தாள், பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையின் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு உரியது) நகல். பிறப்புப் பத்திரம் மட்டும் இருக்காது. தீபகற்பத்தில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு, அதற்குத் தனி நடைமுறை, நேர்காணல், சாட்சிகள். பத்திரம் இருந்தாலும் பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாமல் இருந்திருந்தால் பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைத்தான் தொடரும். அப்பா மலேசியராக இருந்தும், அம்மா வெளிநாட்டவர் என்பதால் பிள்ளையின் பத்திரத்தில் குடிமகன் அல்லாதவர் என்று அச்சாகிவிடும். கோயிலில் தாலி கட்டினோமே, போதாதா என்று அந்த அப்பா கேட்பார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டின்னில் உள்ள எதையும் எறியாமல் ஒவ்வொன்றையும் நகல் எடுங்கள். பிறந்த மருத்துவமனை, தேதி, அப்போது குடும்பம் இருந்த முகவரி, பிரசவம் தெரிந்த அக்கம்பக்கத்தார் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அம்மாவோடு தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். மலாய் சரளமாகப் பேசும் சபை உறுப்பினர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். முகப்பில் நீங்கள் பேசாதீர்கள். வெளிநாட்டுப் போதகர் முன்னால் நின்றால் அதிகாரிக்குக் கேள்விதான் கூடும். உங்கள் வேலை பின்னால் நாற்காலியில் சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதும், மதியச் சாப்பாடு வாங்கித் தருவதும், அம்மா பாதியில் எழுந்து வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், தொழுகைக்காக மதியம் 12.15 முதல் 2.45 வரை அரசாங்க அலுவலகங்களுக்கு இடைவேளை. குடியுரிமை விண்ணப்பம் என்றால் அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்கீழ் போடும் வழி உண்டு, அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், வழக்கறிஞர் துணை நல்லது. அதற்கிடையில் பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கேட்கலாம். மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலகம்.

இந்த வேலையில் ஞானஸ்நானக் கணக்கு எதுவும் வராது. பாதிக் குடும்பங்கள் இந்துக்கள். ஊருக்கு அனுப்பும் மாத அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, நடந்ததை எழுதுங்கள் என்பேன். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் மட்டும் அனுப்பாதீர்கள்.

கல்யாணம், துக்கம், அகதிகள்

ஆலயத்தில் ஆசீர்வதித்தால் மட்டும் திருமணம் சட்டப்படி முடிந்துவிடாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதோர் திருமணம் பதிவாக வேண்டும். சில உள்ளூர் போதகர்களுக்குத் துணைப் பதிவாளர் நியமனம் உண்டு. உங்களுக்கு இல்லை. யாராவது அவசரமாகக் கேட்டாலும் அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

துக்க வீட்டில் ஜெபத்துக்குமுன் ஒரு கேள்வி: பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயமா? மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பார், மகள் கிறிஸ்தவ அடக்கம் என்பார். இறந்தவர் என்ன விரும்பினார் என்று மூப்பர்கள் பேசி முடிக்கட்டும். நீங்கள் நாற்காலி எடுத்துப் போடுங்கள்.

அகதிகள் விஷயத்தில் சுருக்கமாக: மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. மியன்மார் சின் மக்கள், இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது, சபைகளும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்கள்தான். கணக்கோ ஆங்கிலமோ சொல்லித்தரத் தெரிந்தால் வாரத்தில் ஒரு காலை போங்கள், சபை எழுத்தில் சம்மதித்த பிறகு.

பினாங்கு என்றால்

கே.எல். சென்ட்ரலிலிருந்து ஈடிஎஸ் என்ற விரைவு மின்ரயிலில் பட்டர்வொர்த் சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து ஃபெரி. ஜார்ஜ்டவுனில் வேகம் குறைவு, குடும்பங்கள் பல தலைமுறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன, ஆகவே யார் வீட்டுப் பிள்ளை நீங்கள் என்ற விசாரணை அதிகம். பினாங்கு சாலையில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஆலயம். 1808 முதல் பினாங்கில் இருக்கும் ஜெனரல் கல்லூரி இப்போது தஞ்சோங் பூங்காவில் குருக்களைப் பயிற்றுவிக்கிறது. ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குத் தயாராக இருங்கள். 26-ஆம் தேதியை ஒட்டிப் பல நாள் நடக்கும், தமிழரும் சீனரும் நாடெங்கிலுமிருந்து வருவார்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நேர்த்திக்கடனோடு வருவார்கள். தண்ணீர் போத்தல் கொடுப்பது, தொலைந்த பிள்ளைகளை மேசையில் உட்காரவைப்பது, குப்பை பொறுக்குவது, எதற்கு ஆள் கேட்டாலும் பெயர் கொடுங்கள்.

பினாங்கிலிருந்து வடக்கே போனால் கெடா மாநிலம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கை பட்டாணியில் ஞாயிறு காலை கூட்டம் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஊழியத் திட்டம் போடும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ் புதுப்பிக்கும்போது

முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே கடவுச்சீட்டு நகலை அலுவலகத்தில் கொடுங்கள். கடவுச்சீட்டின் காலம் குறைவாக இருந்தால் அதற்கும் முன்பே தூதரகத்தில் புதுப்பித்துவிடுங்கள். அங்கே நேரம் பதிவு செய்யவே நாள் ஆகும். மனைவி, பிள்ளைகளின் பாஸ் தேதி உங்கள் தேதியோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், சில நேரம் ஒரு மாதம் முன்னே பின்னே இருக்கும். விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் தங்கை கல்யாணம் என்றால் தேதி குறித்த அன்றே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப கோப்பை முன்னே தள்ளிப் பார்க்கிறேன்.